பாய்மரப் படகின் விஎச்எஃப் ரேடியோவுக்கு (கடலில் படகுகள் ஒன்றோடொன்று பேசும் ரேடியோ) 3 டெசிபெல் ஆன்டெனா போதுமா, 6 டெசிபெல் வாங்க வேண்டுமா?

3 டெசிபெல் போதும். பாய்மரப் படகுக்கு அதுவே பொருத்தமும்கூட.

ஆன்டெனா புதிதாக ஆற்றலை உண்டாக்குவதில்லை. ரேடியோ தரும் ஆற்றலைத் தொடுவானத்தை நோக்கித் தட்டையாக்கி அனுப்புகிறது, அவ்வளவுதான். எவ்வளவு தட்டையாக்குகிறது என்பதைக் காட்டும் டெசிபெல் எண் கூடக் கூட அந்தக் கற்றை மெலிந்துகொண்டே போகும். காற்றடித்துப் படகு 20 பாகை சாய்ந்தால், மெலிந்த கற்றை ஒருபுறம் கடலிலும் மறுபுறம் வானத்திலும் வீணாகும். தடித்த கற்றை சாய்விலும் அடுத்த படகைத் தொடும்.

உண்மையில் தொலைவைத் தீர்மானிப்பது உயரம். விஎச்எஃப் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும்: 4 மீட்டருக்குச் சுமார் 8, 16 மீட்டருக்குச் சுமார் 16. எதிர்முனை ஆன்டெனாவின் உயரத்துக்கும் இதேபோல் கணக்கிட்டு, அந்தத் தொலைவையும் இதனுடன் கூட்டிக்கொள்ளுங்கள். ஆகவே பாய்மர உச்சியை விடாதீர்கள்.

ஆனால் உச்சிவரை கேபிள் ஏற வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இது. மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 20 மீட்டரில் பாதிக்கும் மேற்பட்ட ஆற்றலை விழுங்கிவிடும். தடித்த ஆர்ஜி-213 மூன்றில் ஒரு பங்கு அளவுதான் இழக்கும். எடை கூடினாலும் தடித்ததையே போடுங்கள். இணைப்புகளில் உப்புநீர் புகாதபடி நன்றாகச் சுற்றி மூடுங்கள்.

பாய்மரம் முறிந்தால் ஆன்டெனாவும் போய்விடும். உதவி கேட்க வேண்டிய நேரமே அதுதான். படகின் பின்பக்கக் கைப்பிடிக் கம்பியில் பொருத்தத்தக்க மாற்று ஆன்டெனா ஒன்றைக் கட்டாயம் வைத்திருங்கள்.