ஐஸ் பெட்டியில் வைத்த கட்டி ஏன் கெட்டது? – வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: என் தாயாருக்கு மார்பில் இருந்த கட்டியை இராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அகற்றினார்கள். அதைச் சிறு பாட்டிலில் போட்டுக் கொடுத்து, மதுரையில் ஒரு லேபில் சதைப் பரிசோதனை செய்துவரச் சொன்னார்கள். மாலையாகிவிட்டதால் வீட்டுக்குக் கொண்டுவந்து, மீனுக்கு வைக்கும் ஐஸ் பெட்டியில் இரவு முழுவதும் வைத்திருந்து மறுநாள் கொண்டுபோனோம். 'திசு சிதைந்துள்ளது, கருத்துக் கூற இயலாது' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஐஸில் வைத்தும் எப்படிக் கெட்டது? இனி என்ன செய்வது?
– வாசகி, பாம்பன்

பதில்: அம்மா, இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. பாட்டிலுக்குள் என்ன ஊற்றியிருக்கிறது, அதை எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்பதைக் கையில் கொடுத்தவர்கள்தாம் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட் நகலில் 'சலைனில் பெறப்பட்டது' என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. உங்கள் முதல் கேள்விக்கு விடை அதுதான்.

உடலிலிருந்து எடுத்த சதைக்கு ரத்த ஓட்டம் நின்றவுடன், செல்லுக்குள் இருக்கும் நொதிகள் அந்தச் செல்லையே செரிக்கத் தொடங்கிவிடுகின்றன. சலைன் வெறும் உப்பு நீர். அது இதைத் தடுக்காது. ஐஸ் அந்த வேலையைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. ஐஸில் கிடக்கும் சூடை மீனின் வயிறு நாளாக ஆக இளகி வெடிப்பதைப் பாம்பனில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அதற்கும் மீனின் நொதிகள் ஒரு காரணம். ஃப்ரீசரில் வைப்பது இன்னும் மோசம். செல்லுக்குள் இருக்கும் நீர் பனித்துகளாக உறைந்து, செல்லின் அமைப்பையே குலைத்துவிடும்.

இதை நிறுத்தும் மருந்து ஃபார்மலின். செறிவான ஃபார்மலினில் ஏறத்தாழ 37 முதல் 40 சதவீதம் ஃபார்மால்டிஹைடு இருக்கும். அதில் 1 பங்குக்கு 9 பங்கு நீர் என்ற அளவில் கலந்து, அமிலத்தன்மை ஏறாமலிருக்க உப்புகள் சேர்த்த கரைசலையே லேபில் 10 சதவீத ஃபார்மலின் என்கிறோம். அது செல்லின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, இருந்தது இருந்தபடியே நிறுத்திவிடுகிறது. சதையின் அளவைப் போல் 10 முதல் 20 மடங்கு ஃபார்மலின் வேண்டும். சதை மேலாக நனைந்தால் போதாது, மூழ்கி மிதக்க இடம் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஃபார்மலின் சதைக்குள் ஊறும் வேகம் மணிக்கு 1 மில்லிமீட்டர் அளவுதான்; ஆழம் கூடக்கூட அதுவும் குறையும். பெரிய சீலாவைக் கருவாடு போடுகிறவர்கள் முழு மீனாக உப்பில் போடுவதில்லை. கீறி விரித்து, சதைக்குள்ளும் கீறல் போட்டு உப்பை அடைப்பார்கள், இல்லையென்றால் வெளியே உப்பேறிய மீன் நடுவில் நாறிவிடும். முழு மார்பகம், கர்ப்பப்பை போன்ற பெரிய உறுப்புகளுக்கும் இதே நியாயம்தான். ஆனால் எங்கே கீறுவது என்பதை அறுவை மருத்துவரோ, சதையைச் சோதித்து ரிப்போர்ட் எழுதும் நோய்க்குறியியல் மருத்துவரோ முடிவு செய்ய வேண்டும். ஓரங்கள் கலைந்துவிட்டால் கட்டி முழுவதும் எடுக்கப்பட்டதா என்று சொல்ல முடியாது.

இனிச் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். 'கருத்துக் கூற இயலாது' என்றால் 'புற்றுநோய் இல்லை' என்று பொருள் கொண்டுவிடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். மிச்சச் சதை இருக்கிறதா, அதைப் பிறகு ஃபார்மலினில் போட்டார்களா என்று லேபில் கேளுங்கள். ஏதாவது ஒரு மூலை சிதையாமல் இருக்கலாம். பிளாக் எனப்படும், சதையைப் பதித்த மெழுகுக் கட்டியையும், அதிலிருந்து சீவியதை ஒட்டிய கண்ணாடித் தகடுகளான ஸ்லைடுகளையும் வாங்கி, இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் காட்டலாம். தாயாரை இந்த வாரமே அறுவை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, மேமோகிராமும் ஸ்கேனும் எடுத்து, மறுபடி ஊசி பயாப்சி தேவையா என்று கேளுங்கள். மதுரைவரை போக இயலாவிட்டால் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகுங்கள்.

அடுத்த முறை பாட்டிலை வாங்கும்போதே 'இது ஃபார்மலினா, சலைனா?' என்று தயங்காமல் கேட்டுவிடுங்கள். போதிய ஃபார்மலினில் போட்டுவிட்டால் ஐஸ் தேவையே இல்லை. பாம்பனிலிருந்து மதுரைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போனாலும் சதைக்கு ஒன்றும் ஆகாது. மார்புக் கட்டிக்கு மட்டும் கணக்கு கொஞ்சம் கறாரானது. எடுத்த 1 மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் விழ வேண்டும். அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். அப்போதுதான் ஹார்மோன் ஏற்பிகளுக்கான சோதனையை, அதாவது கட்டியின் செல்கள் ஹார்மோனை ஏற்கின்றனவா என்று பார்க்கும் சோதனையை, நம்ப முடியும். புற்றுநோயாக இருந்தால் ஹார்மோன் சிகிச்சை மாத்திரை பலன் தருமா என்பதே அதை வைத்துத்தான் முடிவாகிறது.

கேள்வி: நான் ஒரு சிறிய மருத்துவமனையில் செவிலியர். படிவத்தில் 'பயாப்சி' என்று எழுதி அனுப்பினால், லேபிலிருந்து திரும்பத் திரும்பப் போன் செய்து விவரம் கேட்கிறார்கள். இவ்வளவும் எதற்கு?
– வாசகி, தொண்டி

பதில்: சகோதரி, அவர்கள் கேட்பது நியாயம். வயது, உறுப்பு, வலமா இடமா, எத்தனை நாளாக இருக்கிறது, முன்பு கீமோவோ கதிர்வீச்சோ தரப்பட்டதா என்பவை தெரியாமல் ஸ்லைடை மட்டும் பார்த்தால் தவறு நேரலாம். கர்ப்பப்பையின் உள்வரியைச் சுரண்டி அனுப்பும்போது கடைசி மாதவிலக்குத் தேதியை எழுதாவிட்டால், இயல்பான மாற்றத்தையே நோய் என்று கருத இடமுண்டு. எடுத்த நேரத்தையும் ஃபார்மலினில் போட்ட நேரத்தையும் மறவாமல் குறியுங்கள். பெயரை மூடியில் ஒட்டாதீர்கள், பாட்டிலின் உடம்பில் ஒட்டுங்கள்; மேசையில் நான்கு மூடிகள் ஒன்றாகத் திறந்து கிடக்கும்போது எது யாருடையது?

கழுத்து நெறிக்கட்டியில் காசநோய் என்ற சந்தேகம் இருந்தால், ஒரு துண்டை ஃபார்மலின் படாமல் தூய சலைனில் தனியாகக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். பிறகு வளர்த்துப் பார்க்க எதுவும் இராது.

பாட்டில் அகன்ற வாயுள்ளதாக இருக்கட்டும். எங்களுக்கு ஒருமுறை இருமல் மருந்து பாட்டிலில் ஒரு பித்தப்பை வந்தது. மெத்தென்று இருந்தபோது உள்ளே நுழைந்தது, ஃபார்மலினில் விறைத்தபின் வெளியே வர மறுத்தது. பாட்டிலைத் துணியில் சுற்றி உடைத்து, கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கி எடுத்த பிறகே அதை வெட்ட முடிந்தது.

கேள்வி: ரிப்போர்ட்டுக்கு ஏன் இத்தனை நாள்? சென்னையில் காட்ட எதைக் கொண்டுபோக வேண்டும்?
– வாசகர், கீழக்கரை

பதில்: ஃபார்மலினில் ஊறிய சதையிலிருந்து ஆல்கஹாலால் நீரை நீக்கி, சைலீனில் தெளியவைத்து, மெழுகில் பதித்து, 3 முதல் 5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு 1 மைக்ரான்) கனத்தில் சீவி, சாயமேற்றிய பிறகே மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியும். எலும்பாக இருந்தால் அதற்கு முன் சுண்ணாம்பைக் கரைக்கவே சில நாள் பிடிக்கும். சென்னைக்கு ரிப்போர்ட்டோடு ஸ்லைடுகளையும் பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிளாக் மெழுகால் ஆனது என்பதால், கதவடைத்து வெயிலில் நிற்கும் காரில் அதை விட்டுவிட்டு இறங்காதீர்கள்.