நாலு பேர் முன்னால்: கணவன் மனைவி பேச்சு பற்றிக் கேள்வி பதில்

வணக்கம். குடும்ப நீதிமன்றத்தில் 22 வருடம் ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் வெளி ஆட்கள் முன்னால் குறை சொல்வது பற்றிப் பேசலாம் என்றார்கள். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஜாதகம், சொத்து, ஜீவனாம்சக் கணக்கு எல்லாம் என் பக்கம் வராது. உதாரணத்துக்குச் சொல்லும் சம்பவங்களில் ஊரையும் உறவையும் மாற்றித்தான் சொல்வேன்.

சேலத்துக்காரன்: மேடம், என் மச்சினன் மனைவிக்கு வளைகாப்பு. பந்தியில் எல்லோரும் சாப்பாட்டைப் புகழ்ந்தார்கள். நானும், "இப்படி ஒரு சாம்பார் சாப்பிட்டு எட்டு வருஷம் ஆச்சு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், என் மனைவியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து நாலு நாள் பேசவில்லை. நான் சொன்னது உண்மைதானே?

கல்யாணம் ஆகி எட்டு வருடம் என்று புரிகிறது, தம்பி. உண்மையா பொய்யா என்பது இங்கே விஷயமே இல்லை. சமையலறை வாசலில் நின்று சொல்லியிருந்தால் அது சாம்பாரைப் பற்றிய பேச்சு. அவள் அம்மா, அண்ணன் தம்பி, அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் இருந்த பந்தியில் சொன்னீர்கள். அங்கே அது அவளைப் பற்றிய பேச்சாகிவிட்டது. "நம்ம பொண்ணு போன இடத்துல நல்ல பேரோட இருக்கா" என்று நினைத்துக்கொண்டிருந்த வீடு அது. அவள் சிரித்தாள் என்கிறீர்கள். பந்தியில் உட்கார்ந்து அழ முடியுமா? அதனால் சிரித்தாள்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. நீங்கள் இருவரும் ஐந்தாம் நாள் சமாதானம் ஆகிவிடுவீர்கள். சமாதானம் ஆனது, பந்தியில் கேட்டவர்களுக்குத் தெரியாது. அவர்கள் மனதில் அந்தச் சாம்பார் அப்படியே கொதித்துக்கொண்டிருக்கும். பொங்கலுக்குப் போனால் ஒரு அண்ணி, "மாப்பிள்ளைக்குச் சாம்பார் ஊத்தவே பயமா இருக்கு" என்பார். ஆறின புண் மறுபடி திறக்கும். விவாகரத்து மனுக்களில் பெரிய பெரிய குற்றச்சாட்டுகளுக்கு நடுவே இப்படி ஒரு வரி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்: இன்ன தேதியில், இன்ன விசேஷத்தில், இன்னார் முன்னிலையில் என்னை இப்படிச் சொன்னார். நாலு சுவருக்குள் திட்டிக்கொண்ட நூறு சண்டைக்குத் தேதி ஞாபகம் இருக்காது. சாட்சி இருந்ததற்கு மட்டும் இருக்கும்.

பள்ளிக்கரணை மருமகள்: அப்படியென்றால் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்கிறீர்களா அக்கா? என் வீட்டுக்காரர் எங்கள் பக்கத்து விசேஷம் எதற்கும் நேரத்துக்குக் கிளம்ப மாட்டார். தங்கை கல்யாணத்தில் முகூர்த்தமே முடிந்துவிட்டது. மண்டபத்து வாசலிலேயே கேட்டுவிட்டேன்.

வாயை மூடச் சொல்லவே இல்லை அம்மா. வாயை மூடியே வாழ்ந்து பதினைந்தாம் வருடம் வக்கீலோடு வந்தவர்களும் உண்டு. சொல்ல வேண்டும், ஆனால் எதை, எங்கே?

அமெரிக்காவில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதிகளைத் தங்கள் தகராறு ஒன்றைப் பற்றிப் பேசவிட்டு, அதைப் படம் பிடித்து, பேசும்போதே இதயத் துடிப்பையும் அளந்து, பிறகு பல வருடம் அவர்கள் வாழ்க்கையைத் தொடர்ந்து கவனித்தவர். மணவாழ்க்கையை அரிப்பவை என்று நாலு பழக்கத்தைச் சொன்னார்: ஆளையே குறையாகப் பேசுவது, இளக்காரம், எதைச் சொன்னாலும் தன் பக்க நியாயமே பேசுவது, சுவர் மாதிரி வாயடைத்துக்கொள்வது. இவற்றில் பிரிவுக்கு அதிகம் கொண்டுபோவது இளக்காரம் என்றார். கண்ணை உருட்டுவது, உதட்டைச் சுழிப்பது கூட அதில் சேர்த்தி.

அவர் முறையிடுவதையும் ஆளைக் குறை சொல்வதையும் பிரித்துப் பார்த்தார். "ஆறு மணிக்குக் கிளம்பலாம்னு பேசினோம், ஏழரை ஆயிடுச்சு, தங்கச்சி முகூர்த்தத்தை நான் பார்க்கல, எனக்கு ரொம்ப வருத்தம்." இது முறையீடு. "எங்க வீட்டு விசேஷம்னாலே உங்களுக்கு இளப்பம், எப்பவும் இப்படித்தான், உங்க அப்பா மாதிரியே." இது ஆளையே சொல்வது. "எப்பவும்", "ஒருநாளும்", "உங்க வீட்டு ஆளுங்க" மூன்றில் ஒன்று வாயில் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

மண்டபத்து வாசலில் ஏன் இது நடக்காது என்றால், சபைக்கு முறையீடு பிடிக்காது. "எனக்கு வருத்தம்" என்று நாலு பேர் முன்னால் சொல்ல நமக்கும் கூச்சம். சபைக்கு வேண்டியது சிரிப்பு. அதனால் நியாயமான வருத்தம்கூட வெளியில் வரும்போது நக்கலாகத்தான் வரும். "சார் இப்பவாவது வந்தாரே, சாப்பாடு இருக்கா பாருங்க" என்று சொல்லியிருப்பீர்கள், அநேகமாக.

வீட்டுக்கு வந்து சொல்லுங்கள். பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஆரம்பிக்காதீர்கள். படபடப்பில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டிவிட்டால் காதில் எதுவும் ஏறாது. குறைந்தது இருபது நிமிடம் இடைவெளி விடச் சொல்கிறார் காட்மன். ஒரு காபி குடிக்கும் நேரம்.

மைக் மாமா: என்ன மேடம், நகைச்சுவை உணர்வே இருக்கக் கூடாதா? நான் ஜாலியாகத்தான் சொல்வேன். அவளுக்கும் தெரியும்.

அதே ஜோக்கை யாரும் இல்லாதபோது அவரிடம் தனியாகச் சொல்லிப் பாருங்கள். இருவரும் சிரித்தால் ஜோக்.

திருப்பூர் பனியன்: திருமண நாளுக்கு "பத்து வருட ஆயுள் தண்டனை நிறைவு" என்று ஸ்டேட்டஸ் வைத்தேன். அதுவும் தப்பா? ஜோக்குதானே?

ஜோக்கைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். ஆனால் ஸ்டேட்டஸ் என்று சொன்னதால் ஒன்று: எழுத்தில் போடாதீர்கள். பந்தியில் சொன்னது பாதியாவது காற்றோடு போகும். குடும்பக் குரூப்பில் போட்டதை யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார்கள். கடைசி சில வருடங்களில் கவுன்சிலிங்குக்கு வந்தவர்கள் கண்ணீருக்கு முன்னால் அச்சடித்த காகிதத்தைத்தான் மேசையில் வைத்தார்கள். குரூப்பில் போடாதீர்கள்.

கணக்கன்: அலுவலக விருந்தில் என் மனைவி, "இவர் சம்பளம் பெட்ரோலுக்கே பத்தாது" என்று என் மேலாளரிடமே சொன்னாள். இது மனக்கொடுமை இல்லையா? விவாகரத்து கேட்கலாமா?

வலித்திருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆணுக்குச் சம்பளம், பெண்ணுக்குச் சமையலும் நிறமும் பிள்ளைப்பேறும். நம் ஊரில் எங்கே குத்தினால் ஆழமாக இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் ஒரு விருந்துப் பேச்சுக்கு விவாகரத்து கிடைக்காது. 1976 திருத்தத்துக்குப் பிறகு இந்து திருமணச் சட்டத்தில் கொடுமை விவாகரத்துக்கு ஒரு காரணம். மனக்கொடுமையும் அதில் அடங்கும். 2007இல் சமர் கோஷ், ஜெயா கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் எது மனக்கொடுமை என்று உதாரணங்களை அடுக்கியது. அதே தீர்ப்பு, அன்றாட உரசலும் சின்னச் சண்டையும் போதாது, நீண்ட காலம் தொடர்ந்த நடத்தையைத்தான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. மேற்கொண்டு வக்கீலிடம் கேளுங்கள். அதற்கு முன்னால் மனைவியிடம், "அன்னைக்கு நீ சொன்னது எனக்கு வலிச்சுது" என்று சொன்னீர்களா? கேள்வியில் அது இல்லையே.

இரண்டு பையன்களின் அம்மா: பிள்ளைகள் முன்னால் பேசுவதும் இதில் சேருமா?

முதலில் சேருவதே அதுதான். மற்ற சாட்சிகள் விசேஷம் முடிந்ததும் கிளம்பிப் போய்விடுவார்கள், இவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள். "உங்கப்பா மாதிரி ஆயிடாதே" என்று பையனிடம் சொன்னால், அவனில் பாதி ஏற்கெனவே அப்பாதான். "நீயே சொல்லு, யார் பக்கம் நியாயம்" என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையை நடுவராக்குவது இதைவிட மோசம்.

மைக் மாமா: விட மாட்டேன் மேடம். நான் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் வருடாவருடம் பட்டிமன்றம் பேசுகிறவன். மனைவி ஜோக் இல்லாமல் கூட்டத்தை உட்கார வைக்க முடியாது. தீபாவளிக்கு டிவியில் வருவது எல்லாம் என்ன? ஊரே சிரிக்கிறதே!

மேடையில் "மனைவி" என்று பொதுவாகச் சொல்வது ஒரு வேஷம், கூட்டத்துக்கும் தெரியும். ஆனால் முன்வரிசையில் உங்கள் வீட்டம்மா உட்கார்ந்திருந்து, பக்கத்துப் பெண் முழங்கையால் இடித்தால் வேஷம் கலைந்துவிடுகிறது. அவர் திருவிழாவுக்கு வருகிறாரா?

மைக் மாமா: நாலு வருடமாக வரவில்லை. முழங்கால் வலி.

சரி.

புலவர் மகள்: நான் தமிழாசிரியை. குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மாமா சொல்வது மாதிரி இது நம் மரபு இல்லை. குறுந்தொகையில் மூன்றாம் பாட்டை, தலைவனோடு கொண்ட நட்பு நிலத்தைவிடப் பெரியது, வானத்தைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழமானது என்ற பாட்டை, எல்லோரும் சும்மா காதல் பாட்டு என்று நினைக்கிறார்கள். பாட்டை யார், எந்தச் சூழலில் சொல்கிறார்கள் என்று சொல்லும் துறைக் குறிப்பைப் பாருங்கள். தோழி தலைவனைக் குறை சொல்கிறாள், அதற்குப் பதிலாகத் தலைவி அவனை உயர்த்திச் சொல்கிறாள். அவனோ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். இயற்பழித்தல், இயற்பட மொழிதல் என்று இதற்குப் பெயரே இருக்கிறது.

ஆகா. இத்தனை வருடம் இது தெரியாமல் போயிற்றே! வெளி ஆள் குறை சொன்னால் விட்டுக்கொடுக்காமல் பேசுவதை நான் கவுன்சிலிங்கில் மணிக்கணக்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண் ஒரே பாட்டில் முடித்துவிட்டாள்.

மைக் மாமா: டீச்சரம்மா பாதியைத்தான் சொல்கிறார். அது களவுக் காலம், கல்யாணத்துக்கு முன்னால். யார்தான் அப்போது குறை சொல்வார்கள்? கற்புக்கு, அதாவது கல்யாணத்துக்குப் பின்னால் வரும் பாட்டுகளுக்கு, வாருங்கள். மருதத் திணையில் பரத்தை வீட்டுக்குப் போய்விட்டு வரும் கணவன் பாணனைத் தூது அனுப்புகிறான். தலைவி கதவைச் சாத்தி, பாணனிடமே கணவனைக் கிழிகிழி என்று கிழிக்கிறாள். தூதை உள்ளே விடாத இதற்கு வாயில் மறுத்தல் என்று பெயர். அது என்ன?

புலவர் மகள்: களவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாணன் அவன் அனுப்பிய தூதுவன். பாணனிடம் சொன்னால் கணவனிடமே சொன்ன மாதிரி. ஊரைக் கூட்டிச் சொல்லவில்லையே. ஊர் அலர் தூற்றுவதை, வம்பு பேசுவதை, தலைவி எந்தப் பாட்டிலாவது ரசிக்கிறாளா?

மாமா, களவு என்று பிடித்தது நல்ல பிடி. ஆனாலும் டீச்சர் பக்கம்தான் தீர்ப்பு. தோழியோ பாணனோ ஒரு ஆள். குறையைச் சொல்ல ஒரு ஆள் எல்லோருக்கும் வேண்டும். அந்த ஆளை நீங்கள் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், கேட்டதை அடுத்த விசேஷத்தில் எடுத்து வீசாதவராக இருக்க வேண்டும். அம்மாவோ மாமியாரோ பெரும்பாலும் அந்த ஆள் இல்லை. அவர்களுக்கு மன்னிக்க உங்களைவிட அதிக நாள் ஆகும்.

குமரி: நானும் ஜோக்குதான் சொன்னேன், ஆனால் அவருக்குக் கோபம்.

மூன்றாவது ஜோக். மேலே படியுங்கள்.

கும்பகோணம் டிகிரி: அம்மா முன்னால் மனைவியை ரெண்டு வார்த்தை கண்டித்தால்தான் அம்மாவுக்குத் திருப்தி. பிறகு ரூமுக்குள் போய்ச் சமாதானம் செய்துவிடுவேன்.

வெளியில் திட்டும் உள்ளே கெஞ்சலுமா? அம்மாவுக்கு மருமகளைப் பற்றி ஒரு படம் கிடைத்துவிட்டது, மருமகளுக்கு உங்களைப் பற்றி. "நான் பேசிக்கிறேன்மா" என்று அம்மாவிடம் ஒரே வரி சொல்லிவிட்டு எழுந்து போங்கள்.

ராசி: ஏழாம் இடத்தில் செவ்வாய் இருந்தால் நாக்கு நீளுமா?

முதலிலேயே சொன்னேன்.

பெயர் வேண்டாம்: எனக்கு இன்னும் பதில் வரவில்லை அம்மா. என் கணவர் அடிக்கிறார். வெளியில் சொல்லாதே, புருஷனை விட்டுக்கொடுக்காதே என்கிறார் என் அம்மா. நீங்களும் அதையே சொல்கிற மாதிரி இருக்கிறது.

பாட்டும் பட்டிமன்றமுமாக உங்கள் கேள்வியைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். என் தவறு, மன்னியுங்கள்.

இதுவரை நான் சொன்ன எதுவும் உங்களுக்கு இல்லை. சாம்பாரையும் சம்பளத்தையும் பற்றிய பேச்சு அது. அடிப்பதைச் சொல்வது குறை சொல்வது ஆகாது, புகார். யாரிடம் வேண்டுமானாலும், எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். சாட்சி இருப்பது உங்களுக்கு நல்லது.

181 பெண்கள் உதவி எண். எந்நேரமும் கூப்பிடலாம். உடனடி ஆபத்து என்றால் 112. பக்கத்து அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம். 2005ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் உங்களுக்காக மனு எழுதித் தருவார், அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமைக்கும் உத்தரவு கேட்கலாம். அந்தச் சட்டம் அடியை மட்டும் சொல்லவில்லை. கேவலப்படுத்துவது, பட்டப்பெயர் வைத்துத் திட்டுவது, பிள்ளை இல்லை, ஆண் பிள்ளை இல்லை என்று குத்திக்காட்டுவது எல்லாம் வன்முறை என்றே எழுதியிருக்கிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள், நீதிமன்ற வளாகத்தில் கேட்டால் காட்டுவார்கள். காயம் இருந்தால் மருத்துவரிடம் "படியில் விழுந்தேன்" என்று சொல்லாதீர்கள். நடந்ததைச் சொல்லி எழுத வையுங்கள். அம்மாவுக்கு நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

சேலத்துக்காரன்: மேடம், மறுபடி நான்தான். நேற்று இரவு மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றாள். ஆனால் சரியான மாதிரி இல்லை.

பந்தியில் வாங்கிய கடனைப் படுக்கையறையில் பாதிதான் அடைக்க முடியும் தம்பி. மீதியை வாங்கிய இடத்தில் அடைக்க வேண்டும். மச்சினன் குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது எல்லோரும் கூடுவார்கள் இல்லையா, அங்கே. நீண்ட பேச்சு வேண்டாம், "அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்று மேடை போட்டால் மறந்தவர்களுக்கும் ஞாபகம் வந்துவிடும். அவள் வைக்கும் ஏதோ ஒன்று உங்களுக்கு உண்மையாகவே பிடிக்கும். அதை அவள் அண்ணன் காதில் விழுகிற மாதிரி ஒரு வரி சொல்லுங்கள். பிடிக்காததைப் பிடிக்கும் என்று சொல்லிவிடாதீர்கள், அவளுக்கு உடனே தெரிந்துவிடும்.

சேலத்துக்காரன்: ரசம் நன்றாக வைப்பாள் மேடம்.

அப்புறம் என்ன? குரூப்பில் மட்டும் போடாதீர்கள்.