ஓய்வுப் பணம் முழுவதும் மகளின் பயிற்சிக்கா?

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலையில் 26 ஆண்டுகள் வேலை செய்து 50 வயதில் விலகிய எனக்கு ஊழியர் சேமலாப நிதியிலிருந்து 14 இலட்சம் ரூபாய் கிடைத்திருக்கிறது. வீட்டுச் செலவு கணவரின் சம்பளத்தில் நடக்கிறது. 13 வயதான மகள், இசைக்கேற்ப ரிப்பன், பந்து, வளையம் கொண்டு செய்யும் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸில் சிறந்து விளங்குகிறாள். கொழும்பில் தங்கிப் பயில மாதம் 45,000 ரூபாய் ஆகுமாம். முழுப் பணத்தையும் இதற்கு ஒதுக்கலாமா? – ஒரு தாய், ஹட்டன்

பதில்: மாதம் 45,000 ரூபாய் வீதம் எடுத்தால் உங்கள் 14 இலட்சம் 31 மாதங்களில் தீர்ந்துவிடும். சர்வதேசப் போட்டிகளின் மூத்தோர் பிரிவில் ஒரு பெண் இறங்க முடிவது அவளுக்கு 16 வயது நிறைவடையும் ஆண்டிலிருந்துதான் என்பதால், மகள் வாசற்படியை எட்டும் வேளையில் உங்கள் கை வெறுங்கையாக இருக்கும்.

அதற்குப் பிறகும் காலம் குறுகியதே. 2008 பெய்ஜிங், 2012 இலண்டன் ஒலிம்பிக்குகளில் தனிநபர் தங்கம் வென்ற ரஷ்யாவின் எவ்கேனியா கனயேவா 22 வயதில் போட்டிகளிலிருந்து விலகினார். 1984இல் இவ்விளையாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்ற கனடாவின் லோரி ஃபங் பின்னர் பயிற்றுநரானார். உச்சத்தைத் தொட்டவர்களுக்கே இளவயதில் இரண்டாவது தொழில் வேண்டியிருக்கையில், மகளின் சாதாரண தரப் படிப்பைப் பயிற்சி விழுங்க விடாதீர்கள்.

சேமலாப நிதி மாதாமாதம் வரும் ஓய்வூதியம் அல்ல. ஒரே தடவை கைக்கு வந்து முடிகிற பணம். ஆகவே 9 இலட்சத்தைத் தேசிய சேமிப்பு வங்கியில் உங்கள் பெயரிலேயே நிலையான வைப்பில் இடுங்கள். அங்குள்ள வைப்புகளுக்கு அரசாங்கம் முழு உத்தரவாதம் அளிக்கிறது. கூடுதல் வட்டி தருவதாக நிதிக் கம்பனிக்காரர் வீடு தேடி வரக்கூடும், ஆனால் அங்கே வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான். 2 இலட்சம் வைத்தியச் செலவுக்கெனச் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும்.

மிஞ்சும் 3 இலட்சம் மகளுக்கு. ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளில் மட்டும் கொழும்புக்கு அனுப்பி, ஆண்டுக்கு 1 இலட்சத்துக்குள் முடித்தால் 16 வயது வரை தாக்குப்பிடிக்கும். மூத்தோர் வீசும் 6 மீட்டர் ரிப்பன் தோட்டக் குடியிருப்பின் பத்துக்குப் பன்னிரண்டு அடி லய அறையில் விரியாதுதான். அதற்குக் கோயில் மண்டபத்தைக் கேட்டுப் பாருங்கள். பந்துக்கும் வளையத்துக்கும் முற்றமே போதும்.

ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கும் உங்கள் சம்பளத்தின் 3 வீதத்தைத் தொழில்கொள்வோர் தம் கையிலிருந்து செலுத்தியிருக்க வேண்டும். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இன்னும் பெறவில்லையென்றால் விண்ணப்பித்து, வரும் தொகையை மகளின் பங்கில் சேர்த்துவிடுங்கள்.