அயோர்ட்டிக் வால்வு கசிவு: பழுது கதவிலா, நிலையிலா?

அப்பச்சியின் எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) அறிக்கையில் 'அயோர்ட்டிக் வால்வு கசிவு' என்றிருக்கிறது, ஏன் வருகிறது, எப்படி உறுதி செய்வார்கள் என்று காரைக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

இதயத்தின் இடது கீழறையிலிருந்து மகாதமனிக்கு, அதாவது உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்க்கு, போகும் வழியில் இருக்கும் கதவுதான் அயோர்ட்டிக் வால்வு. உங்கள் வீட்டுத் தேக்குக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். கதவு கோணினாலும் இடுக்கு விழும், நிலை அகன்றாலும் விழும். பிறவியிலேயே வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டு, சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சல் (ருமாட்டிக் ஃபீவர்), வால்வில் கிருமித்தொற்று எல்லாம் கதவுக் கோளாறு. மகாதமனியின் அடிப்பகுதி விரிவது நிலைக் கோளாறு; நெடுநாள் ரத்தக்கொதிப்பும் அதற்கு ஒரு காரணம். வெளியே போன ரத்தம் இடது கீழறைக்கே திரும்பி வர, அந்த அறை மெல்லப் பெரிதாகும்.

பல வருடம் ஒன்றும் தெரியாது. அப்புறம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், மல்லாந்து படுத்தால் திணறும். பிரஷரின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் 160/50 என்பதுபோல் அகன்று நிற்கும். கடுமையான கசிவில் சிலருக்குத் துடிப்புக்குத் துடிப்பு தலையே லேசாக ஆடும். இந்த அடையாளத்துக்கு ஆல்ஃபிரட் டி மூசே என்ற பிரெஞ்சுக் கவிஞரின் பெயர்!

டாக்டர் முன்னால் சாயச் சொல்லி, மூச்சை வெளியே விட்டு நிறுத்தவைத்து ஸ்டெதாஸ்கோப்பில் கேட்பார். உறுதி செய்வது எக்கோதான். அறிக்கையில் கசிவு லேசானதா கடுமையானதா, இடது கீழறையின் அளவென்ன, பம்ப் செய்யும் திறன் எத்தனை சதவீதம் என்ற மூன்றையும் பாருங்கள். லேசானது என்றால் பெரும்பாலும் அவ்வப்போது எக்கோ எடுத்துக் கண்காணிப்பார்கள், அவ்வளவுதான்.