அமெரிக்கக் கல்லூரிகளில் சியோனிஸ்ட் மாணவர்கள்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவர் மன்றங்களுக்கு ஆலோசகராகப் பல வருடங்கள் வேலை பார்த்தவன் நான். இஸ்ரேலுக்காகப் பேசும் மாணவர்களுக்கு எப்படித் துணை நிற்பது என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர்களுக்கு வளாகத்தில் மற்ற எல்லோருக்கும் உள்ள அதே இடம் வேண்டும், அதற்காக நிற்பேன். அடுத்தவர் வாயை அடைக்கச் சொன்னால் நான் வரமாட்டேன்.

சார், சியோனிஸ்ட் என்றாலே நெதன்யாகு கட்சி என்றுதானே அர்த்தம்?

இல்லை. யூதர்களின் பூர்வ நிலத்தில் அவர்களுக்கென்று ஒரு நாடு வேண்டும் என்ற இயக்கம் அது, 1897-இல் பாசல் நகரில் நடந்த முதல் மாநாட்டில் அமைப்பாகத் திரண்டது. அதற்குள்ளேயே இடதும் உண்டு, வலதும் உண்டு. ஜே ஸ்ட்ரீட் யூ என்ற அமைப்பின் மாணவர்கள் மேற்குக்கரையில் உள்ள இஸ்ரேலியக் குடியேற்றங்களை எதிர்ப்பவர்கள், பாலஸ்தீனத்துக்கும் தனி நாடு வேண்டும் என்பவர்கள்; ஸ்டூடன்ட்ஸ் சப்போர்ட்டிங் இஸ்ரேல் மன்றத்தினர் அப்படிப் பேசமாட்டார்கள். இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் சாப்பாடு ஆறும் வரை சண்டைதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் உதவி செய்யப் போனால் யாருக்கு உதவுகிறோம் என்றே புரியாது.

இஸ்ரேல் ஆதரவு மன்றம் தொடங்க என் நண்பன் விண்ணப்பித்தான், மாணவர் பேரவை இழுத்தடிக்கிறது. மறுக்க முடியுமா?

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. முதலில் அது அரசுப் பல்கலைக்கழகமா, தனியாரா என்று பாருங்கள். அரசு என்றால், கொள்கை பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காக ஒரு மன்றத்துக்கு அங்கீகாரம் மறுக்கக் கூடாது என்று 1972-இலேயே ஹீலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கைப் போட்டவர்கள் இடதுசாரி மாணவர்கள் என்பதையும் கவனியுங்கள், அன்று அவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு இன்று உங்கள் நண்பனுக்கும் உண்டு. பணத்துக்கும் இதே கதை. ஒவ்வொரு மாணவரிடமும் வாங்கும் ஆக்டிவிட்டி ஃபீஸை மன்றங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது கருத்து பார்த்துக் கொடுக்கக் கூடாது என்பது 2000-இல் வந்த சவுத்வொர்த் தீர்ப்பு.

தனியார் கல்லூரியை இந்தத் தீர்ப்புகள் கட்டுப்படுத்தாது, அங்கே அந்தக் கல்லூரியின் சொந்த விதிப்புத்தகம்தான் ஆயுதம். மாசசூசெட்ஸில் வில்லியம்ஸ் கல்லூரியில் 2019 ஏப்ரலில் நடந்தது நல்ல உதாரணம். இஸ்ரேல் ஆதரவு மன்றம் ஒன்று அங்கீகாரம் கேட்டது, மாணவர் பேரவை 13-க்கு 8 என்று வாக்களித்து மறுத்துவிட்டது. மன்றம் எல்லா விதிகளையும் பூர்த்தி செய்திருந்தது, மறுத்தது அரசியல் காரணத்துக்காக என்று கல்லூரித் தலைவர் மாட் மண்டெலே வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த மாதமே வேறு வழியில் அங்கீகாரம் கிடைத்தது. அந்த மாணவர்கள் ஜெயித்ததற்குக் காரணம், விண்ணப்பத்தில் ஓட்டை இல்லை. ஆகவே உங்கள் நண்பனிடம் சொல்லுங்கள்: கையெழுத்துகள், மன்ற விதிகள், ஆலோசகர் பெயர் எல்லாம் முதல் நாளே சரியாக இருக்கட்டும். எல்லாத் தகவல் தொடர்பும் மின்னஞ்சலில் நடக்கட்டும், வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

என் மகளின் ரூம்மேட் யூதப் பெண். 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலுக்குப் பிறகு ரொம்ப ஒடுங்கிப்போய்விட்டாள் என்கிறாள். நாங்கள் இந்தியர்கள், இதில் தலையிடலாமா?

தாராளமாக, அம்மா. இதற்கு அரசியல் பேச வேண்டியதே இல்லை. வெள்ளிக்கிழமை மாலை ஹில்லெல் என்ற யூத மாணவர் மையத்தில் சபாத் என்ற வார ஓய்வு நாளுக்கான விருந்து நடக்கும், யூதரல்லாத நண்பர்களையும் பொதுவாக அழைத்து உட்கார வைப்பார்கள். மெழுகுவர்த்தி ஏற்றி, திராட்சைச் சாறுக் கோப்பையைக் கையில் பிடித்து ஒரு பிரார்த்தனை, அப்புறம் பின்னல் போட்ட ஹல்லா ரொட்டியைப் பிய்த்து மேசை முழுக்க அனுப்புவார்கள். 1923-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அமைப்பு அது. உங்கள் மகள் ஒரு வெள்ளிக்கிழமை அவளோடு கூடப் போனாலே போதும், அந்தப் பெண்ணுக்கு அது பெரிய தைரியம்.

யூத மாணவர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று தோன்றுகிறது. அவர்களுக்கு நிஜமாகவே என்ன ஒதுக்கல்?

2015 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழக மாணவர் பேரவையில் நடந்ததைச் சொல்கிறேன். அவர்களுடைய நீதிக் குழுவுக்கு ஒரு மாணவி நியமனம். தகுதியில் யாருக்கும் சந்தேகமில்லை. நேர்காணலில் முதலில் வந்த கேள்விகளில் ஒன்று: நீ யூத மாணவி, யூத சமூகத்தில் தீவிரமாக இருப்பவள், எப்படி நடுநிலையாக இருப்பாய்? அவளை வெளியே அனுப்பிவிட்டு நீண்ட நேரம் விவாதித்தார்கள், நான்கு பேர் எதிராக வாக்களித்தார்கள். பேரவையோடு இருந்த ஆலோசகர் ஒருவர், யூத அமைப்பில் இருப்பது நலன் முரண்பாடு ஆகாது என்று எடுத்துச் சொன்ன பிறகுதான் மனம் மாறி ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். இதே கேள்வியை ஒரு முஸ்லிம் மாணவியிடமோ இந்து மாணவியிடமோ கேட்டிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்? அந்தக் கேள்வியில் சியோனிசம் என்ற பேச்சுகூட வரவில்லை, யூதர் என்பதே போதுமானதாக இருந்தது.

2022-இல் பெர்க்லி சட்டக் கல்லூரியில் ஒன்பது மாணவர் மன்றங்கள், சியோனிசத்தை ஆதரிக்கும் எவரையும் பேச அழைக்கமாட்டோம் என்று விதி சேர்த்துக்கொண்டன. இஸ்ரேல் நாடு இருப்பதை ஆதரித்தாலும் அதன் அரசின் பல கொள்கைகளைக் கண்டிக்கும் தன்னாலேயே அந்த விதிப்படி பேச முடியாது என்று டீன் செமரின்ஸ்கி சுட்டிக்காட்டினார்.

காசாவில் இத்தனை பேர் செத்திருக்கிறார்கள். நீங்கள் பாலஸ்தீன ஆதரவு மாணவர்களை அடக்கச் சொல்கிறீர்களா?

இல்லவே இல்லை. காசாவில் குழந்தைகள் சாவது கண்டு கோபப்படும் மாணவரின் கோபம் நியாயமானது, அவர் ஊர்வலம் போகட்டும், துண்டறிக்கை கொடுக்கட்டும், இஸ்ரேலை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் விமர்சிக்கட்டும். ஹீலி தீர்ப்பு அவருக்கும்தான். எதிர்த்தரப்பு மாணவர்களின் பெயரையும் படத்தையும் போட்டு வேலை கிடைக்காமல் செய்யும் இணையப் பட்டியல்கள் இருக்கின்றன, லாரியில் முகத்தைப் போட்டு ஹார்வர்டைச் சுற்றி வந்ததும் 2023-இல் நடந்தது. இஸ்ரேலுக்கு ஆதரவு என்ற பெயரில் இதைச் செய்வதை நான் வெறுக்கிறேன். பத்தொன்பது வயதுப் பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுத்து எந்த நாட்டையும் காப்பாற்ற முடியாது. ஐஎச்ஆர்ஏ வரையறை எனப்படும் யூத வெறுப்பு வரையறையை எழுதியதில் முக்கியப் பங்கு வகித்த கென்னத் ஸ்டெர்னே, அதை வளாகத்தில் பேச்சை அடக்கும் விதியாகப் பயன்படுத்தாதீர்கள் என்று வெளிப்படையாக எதிர்த்து வருகிறார்.

அப்படியென்றால் கூட்டத்தில் புகுந்து கத்துவதும் பேச்சுரிமையா?

கிடையாது. 2010 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் யுசி அர்வைன் பல்கலைக்கழகத்தில் இஸ்ரேல் தூதர் மைக்கேல் ஓரன் பேச வந்தபோது ஒருவர் மாற்றி ஒருவராக எழுந்து கத்தினார்கள், பதினோரு பேர் கைதானார்கள். வெளியே நின்று கோஷம் போடலாம், உள்ளே கேள்வி நேரத்தில் கிழி கிழியென்று கேட்கலாம். பேசவே விடாமல் செய்வது வேறு. ஆனால் அவர்கள் மேல் கிரிமினல் வழக்குப் போட்டு 2011-இல் பத்துப் பேருக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தது தேவையில்லாத வேலை, கல்லூரி ஒழுங்கு நடவடிக்கையே போதும். நிகழ்ச்சி நடத்துபவர்கள் அறை பதிவு செய்யும்போதே, இடையூறு வந்தால் யார் எச்சரிப்பது, யார் வெளியேற்றுவது என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது புகார் கொடுக்கலாம்?

1964-இல் வந்த அமெரிக்க சிவில் உரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவில் மதம் என்ற வார்த்தை இல்லை. ஆனால் பொது வம்சாவளி அடிப்படையில் யூதர்களும், சீக்கியர்களும், முஸ்லிம்களும் அதற்குள் வருவார்கள். மிரட்டல், வழிமறிப்பு, தொடர்ந்த தொந்தரவு, இவற்றைக் கல்லூரி கண்டும் காணாமல் விட்டால் அமெரிக்கக் கல்வித்துறையின் சிவில் உரிமை அலுவலகத்தில், சம்பவம் நடந்த 180 நாட்களுக்குள் புகார் கொடுக்க வேண்டும். பிடிக்காத கோஷம் ஒன்றைக் கேட்டதற்காகப் போகாதீர்கள், நிற்காது.

வெளி அமைப்புகளிடம் பணம் வாங்கலாமா?

வாங்கலாம், விதி அனுமதித்தால். எழுதிக்கொடுத்த துண்டறிக்கையை மட்டும் வாங்கி விநியோகிக்காதீர்கள், யாரும் படிப்பதில்லை.

தம்பி, என் பேரன் ஒரு யூத நண்பனோடு சேர்ந்து முதல் நிகழ்ச்சி நடத்தப் போகிறான். என்ன செய்யலாம்?

பெரிய பேச்சாளர் வேண்டாம் ஐயா. செமஸ்டர் தொடக்கத்தில் மன்றங்கள் எல்லாம் மேசை போடும் நாளில் அவர்களும் ஒன்று போடட்டும். பாக்தாத்திலிருந்தும் யேமனிலிருந்தும் துரத்தப்பட்டு இஸ்ரேல் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் யாராவது அந்த வளாகத்திலேயே இருந்தால் அவர்களை உட்கார வைக்கட்டும். 1948-இல் வீட்டை இழந்த பாலஸ்தீனக் குடும்பத்துப் பிள்ளை வந்து கேள்வி கேட்டால் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசட்டும். மேசை பதிவுக்குக் கடைசித் தேதி பல இடங்களில் கல்லூரி திறக்கும் முன்பே முடிந்துவிடும், அதை இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள்.