மூன்று வாரமாக எடை இறங்கவில்லை, பவுடர் வாங்கலாமா?

பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 46. ஏப்ரலில் 78 கிலோ இருந்தவர். நான்கு மாதமாகத் தினமும் 40 நிமிடம் வாய்க்கால் கரையில் நடந்து, ராத்திரிச் சாதத்தை விட்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, இப்போது 75-க்கு வந்திருக்கிறார். கடைசி மூன்று வாரமாக எடை அப்படியே நிற்கிறது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். தெரிந்த பெண் ஒருவர் 7,500 ரூபாய்க்குப் பவுடர் தருகிறாராம், ஒரே மாதத்தில் 8 கிலோ குறையுமாம். "என் உடம்புவாகே இதுதானா, அதை வாங்கிப் பார்க்கட்டுமா?" என்கிறார்.

வாங்காதீர்கள் அம்மா. காரணம் அப்புறம் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மூன்று கிலோ. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. உங்கள் எடைக்கு 40 நிமிட நடையில் செலவாவது 150 கலோரிக்கு முன்னே பின்னே. நடையை மட்டும் நம்பினால் ஒரு கிலோ கரைய ஐம்பது நாள் ஆகும், நான்கு மாதத்தில் இரண்டரை கிலோ. நீங்கள் அதைவிடக் கொஞ்சம் கூடவே குறைத்திருக்கிறீர்கள், அதுவும் நடுவில் ஆடிப்பெருக்கும் கல்யாணச் சாப்பாடும் வந்து போயிருக்கும். இன்னும் ஒரு கிலோ இறங்கினால் ஆரம்ப எடையில் 5 சதவீதம் ஆகிவிடும், சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் பலன் தெரிய ஆரம்பிப்பது அங்கேதான். இதைத் தோல்வி என்று உங்களுக்கு யார் சொன்னது?

மூன்று வாரம் நிற்பதும் சகஜம். உப்பு கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும், மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் அப்படித்தான், ஒன்றிரண்டு கிலோ இதிலேயே ஏறி இறங்கும். வாரம் ஒரு நாள், ஒரே மெஷினில், காலையில் எதுவும் சாப்பிடாமல் பாருங்கள், தினமும் ஏறி நின்று மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கூடவே தையல் டேப்பால் இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. எடை நிற்கும்போதும் இந்த அளவு குறைந்துகொண்டு போகலாம்.

இப்போது அந்த 8 கிலோ. மாதம் 8 கிலோ கொழுப்பு கரைய வேண்டுமென்றால் தினமும் 2,000 கலோரிக்கு மேல் குறைபட வேண்டும். நீங்கள் ஒரு நாளில் செலவழிக்கும் மொத்தமே ஏறத்தாழ அவ்வளவுதான், அதாவது முப்பது நாளும் முழுப் பட்டினி கிடந்தால்கூட அந்த 8 கிலோ கொழுப்பாகப் போகாது. எடை அவ்வளவு இறங்கினால் அதில் தண்ணீரும் தசையும் சேர்ந்து போகிறது. பவுடரை நிறுத்தியதும் தண்ணீர் திரும்பி வரும், தசை அவ்வளவு சுலபமாக வராது.

இந்தப் பவுடர் வியாபாரத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. விற்பவர் பெரும்பாலும் நேற்று வரை வாங்கியவர், போட்ட பணத்தை எடுக்க அக்கம்பக்கத்தையும் சொந்தக்காரர்களையும் பிடிக்கிறார். டப்பாவில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறது என்று காட்டுவார்கள். அது உணவைத் தயாரிக்கவும் விற்கவும் தருகிற உரிமம், எடை குறையும் என்பதற்கான சான்று இல்லை. லேபிள் இல்லாமல் பொட்டலமாகத் தருவது இன்னும் மோசம். இதயத்துக்கு ஆபத்து என்று 2011-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்ட சிபுட்ரமின் மருந்து, எடை குறைக்கும் பொருட்களில் கலந்திருந்து பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது.

இவர்கள் இவ்வளவு பெருக மருத்துவத் துறையில் இருக்கும் எங்கள் பக்கத்துக் குறையும் காரணம்தான். சீட்டில் "எடை குறைக்கவும்" என்று ஒரு வரி எழுதி அடுத்த ஆளைக் கூப்பிடுகிறோம். "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற அரசுத் திட்டம் வந்த பிறகு பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல காரியம். ஆனால் எவ்வளவு சாதம், எத்தனை கரண்டி என்று பத்து நிமிடம் உட்கார்ந்து பேச எத்தனை ஊரில் ஆள் இருக்கிறது? அந்தப் பத்து நிமிடத்தைப் பவுடர்காரர் கொடுக்கிறார், மக்கள் அவரை நம்புகிறார்கள்.

உங்கள் விஷயத்தில் தனியாகக் கவனிக்க வேண்டியது தைராய்டு மாத்திரை. நம் ஊரில் எழுந்ததும் டிகிரி காபி இல்லாமல் முடியாது, பலர் மாத்திரையைப் போட்ட கையோடு டம்ளரை எடுத்துவிடுகிறார்கள். காபி அந்த மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், காபியும் வேண்டாம் டிபனும் வேண்டாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். பவுடர்களில் பலவற்றில் சோயா இருக்கும், அதுவும் இதே தொந்தரவைச் செய்யும். நேரத்தைச் சரிசெய்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து தைராய்டு சரியாக இருக்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்து டாக்டரிடம் காட்டுங்கள். அந்த அளவு சரியாக இருந்தால் எடை நிற்பதற்குத் தைராய்டைக் குறை சொல்ல முடியாது. எடை சீக்கிரம் இறங்கட்டும் என்று நீங்களாக மாத்திரையைக் கூட்டிக்கொள்ளவும் கூடாது, நெஞ்சுப் படபடப்பில் கொண்டுபோய் விடும்.

மற்றபடி நடையை விடாதீர்கள். மதியச் சாதத்தில் ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் சுண்டலோ மீனோ முட்டையோ வையுங்கள், காபியில் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதைக் காலையும் மாலையும் பத்துத் தடவை செய்தால் தொடைத் தசைக்கு நல்லது.

அந்தப் பெண்ணிடம் முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால், டப்பாவைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள், தெரிந்தவர் என்று தயங்காதீர்கள்.