வாகன அவசர உதவிச் சந்தா: 14,500 ரூபா எதற்காக?

கேள்வி: நான் தலவாக்கலையில் வசிக்கும் ஆசிரியை. நானுஓயாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு நாள்தோறும் என் சிறிய காரில் தனியாகச் சென்று வருகிறேன். வழியில் விபத்து ஏதும் நேர்ந்துவிடுமோ என்று வீட்டார் பயப்படுகிறார்கள். காருக்கு இன்னும் இரண்டு வருட லீசிங் கட்ட வேண்டியிருக்கிறது. வருடத்துக்கு 14,500 ரூபா சந்தா கட்டினால், காரில் ஒரு கருவியைப் பொருத்தி, விபத்து நேர்ந்தால் அதுவே அறிவித்து உதவி வரவழைக்கும் என்றும், கார் பழுதடைந்தால் அதை ஏற்றிச் செல்லும் கெரியர் லொறியை அனுப்புவோம் என்றும் ஒரு நிறுவனத்தின் முகவர் சொல்கிறார். கடந்த மூன்று வருடங்களில் பெட்டரி இறங்கியதற்கு 1,500 ரூபாவும், லிந்துலை ஏற்றத்தில் என்ஜின் கொதித்து நின்றபோது கராஜ்காரர் வந்து இழுத்துச் சென்றதற்கு 9,500 ரூபாவும் செலவாயின. சந்தா கட்டலாமா?

பதில்: உங்கள் கேள்விக்கான விடையில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மூன்று வருடங்களில் உங்கள் கையிலிருந்து போனது 11,000 ரூபா. இதே காலத்துக்குச் சந்தா கட்டியிருந்தால் 43,500 ரூபா போயிருக்கும். ஆனால் உங்கள் வீட்டாரின் பயம் பெட்டரியைப் பற்றியதல்ல என்பதால், கணக்கை இத்துடன் மூடிவிடவும் முடியாது.

முகவர் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவதை நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டும்: ஒன்று உயிருக்கான உதவி, மற்றது வாகனத்துக்கான உதவி. உயிருக்கான உதவியை நாம் ஏற்கெனவே இலவசமாகப் பெறுகிறோம். 2016இல் இந்தியாவின் நன்கொடையோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்கு எந்தச் சந்தாவும் கிடையாது. தனியார் நிறுவனத்தின் அழைப்பு நிலையத்தில் இருப்பவரும், நீங்கள் காயமடைந்திருப்பதாக அறிந்தால், பெரும்பாலும் இதே 1990ஐத்தான் அழைக்கப் போகிறார். விபத்தைத் தானாக அறிவிக்கும் ஏற்பாடுகளிலும் இரண்டு வகை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31 முதல் புதிய வகைக் கார்களில் கட்டாயமாக்கப்பட்ட ஈகோல் என்ற ஏற்பாடு, விபத்து நேர்ந்ததும் 112 என்ற பொது இலக்கத்தைச் சந்தா இல்லாமலே அழைக்கிறது. அமெரிக்காவில் 1996இல் வந்த ஒன்ஸ்டார் போன்றவை சந்தாவில் இயங்குபவை. உங்களிடம் விற்கப்படுவது இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. (உங்கள் கார் ஜப்பானில் ஓடிவிட்டு இங்கு வந்ததாயின், உட்கூரையில் எஸ்ஓஎஸ் என்று எழுதிய பொத்தான் ஒன்று இருக்கக்கூடும். அது ஜப்பானிலுள்ள அழைப்பு நிலையத்துக்காக அமைந்தது. இங்கே அதை நம்பியிருக்க வேண்டாம்.)

ஓட்டுநர் நினைவிழந்து கிடக்கும்போது தானாகவே தகவல் அனுப்பும் ஒரு கருவிக்குப் பயன் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கருவிக்குள் இருப்பதும் ஒரு சிம் அட்டைதான். உங்கள் கைத்தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்காத வளைவில், அதே வலையமைப்பின் சிம்மைக் கொண்ட கருவியும் ஊமையாகிவிடும். எனவே பணம் கட்டுமுன் அது எந்த வலையமைப்பு என்று கேளுங்கள். பிறகு அந்தச் சிம்மைப் போட்ட ஒரு தொலைபேசியை எடுத்துக்கொண்டு பாடசாலை வரை ஒருமுறை சென்று, எந்தெந்த இடங்களில் கோடுகள் மறைகின்றன என்று பாருங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலையக வீதிகள் பல மண்சரிவால் துண்டிக்கப்பட்டதோடு தொலைத்தொடர்பும் பல இடங்களில் அறுந்துபோனதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

வாகனத்துக்கான உதவியில்தான் உங்கள் பணம் இரண்டு முறை போகும் ஆபத்து இருக்கிறது. லீசிங் முடியும்வரை முழுமைக் காப்புறுதி வைத்திருக்கும்படி லீசிங் நிறுவனங்கள் வற்புறுத்துவது வழமை. அந்தக் காப்புறுதிகள் பலவற்றில் வீதியோர உதவியும், ஒரு வரம்புவரை வாகனத்தை இழுத்துச் செல்லும் செலவும் அடங்கியிருக்கும். இன்றிரவே காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். வரம்பு ரூபாவிலா கிலோமீற்றரிலா, கிலோமீற்றர் என்றால் கார் நின்ற இடத்திலிருந்தா கெரியர் புறப்பட்ட இடத்திலிருந்தா, தார் போடாத தோட்டப் பாதைக்குள் வருவார்களா என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கடைசிக் கேள்வி உங்களுக்கு மிக முக்கியம், ஏனெனில் பாடசாலைக்குத் திரும்பும் கடைசித் துண்டு அப்படிப்பட்ட பாதையாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். சந்தா நிறுவனத்திடமும் இதே கேள்விகளைக் கேட்பதோடு, இரவு பத்து மணிக்குத் தமிழில் பேச ஆள் இருப்பாரா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இதைச் சொந்த அனுபவத்தால் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மாலை ஆறு மணியளவில், பனிமூட்டம் இறங்கிய றம்பொடை வளைவொன்றில் என் வாகனம் நின்றுபோனது. நான் சந்தா கட்டியிருந்த சேவையை அழைத்தேன். பக்கத்திலிருந்த தேயிலைத் தொழிற்சாலையின் பெயரைச் சொன்னேன். மறுமுனையிலிருந்தவர் எந்த நகரம் என்று மூன்று முறை கேட்டார். கொழும்பிலிருந்து பதில் சொல்பவருக்கு அந்தப் பெயர் என்ன தெரியும்? கெரியர் கண்டியிலிருந்து வரவேண்டும் என்றார்கள். அதற்குள் கொழுந்து லொறி ஒன்று வந்து நின்றது. அதன் சாரதி கயிறு போட்டுக் கீழே உள்ள கராஜ்வரை இழுத்துவிட்டு, தேநீருக்கு மேல் எதையும் வாங்க மறுத்துவிட்டார். அடுத்த வருடச் சந்தா மட்டும் என் வங்கி அட்டையிலிருந்து கேட்காமலே கழிக்கப்பட்டது. அதை நிறுத்த இரண்டு கடிதங்கள் எழுத வேண்டியிருந்தது.

ஆகவே உங்கள் நிலையில் இந்தச் சந்தாவை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிறருக்கு நேரும் சேதத்தை மட்டும் ஈடுசெய்யும் மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டுமுள்ள பழைய வானை இரவில் வாடகைக்கு ஓட்டுபவர் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அவருக்கு ஒரு நாள் வண்டி நிற்பது ஒரு நாள் வருமானம் போவதாகும்.

நீங்கள் மாதம் 1,200 ரூபாவைத் தனிச் சேமிப்புக் கணக்கொன்றில் போட்டு வாருங்கள். முதல் இரண்டு மூன்று மாதப் பணத்தில் ஜம்பர் கேபிள், கட்டி இழுக்கும் கயிறு, டோர்ச், எச்சரிக்கை முக்கோணம் ஆகியவற்றை வாங்கிக் காரில் வையுங்கள். 1990, காப்புறுதி நிறுவனத்தின் அவசர இலக்கம், லிந்துலைக்கு வந்த அந்தக் கராஜ்காரரின் இலக்கம் ஆகிய மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக் காரின் முன்பெட்டியில் ஒட்டிவிட்டு, ஒரு பிரதியை வீட்டிலும் கொடுத்து வையுங்கள்.